அல்பேனியக் கழகமும் அம்மாவின் அழைப்பும்

மெட்ரோவில் எதிரே இருப்பவன் கைபேசியில் உதைபந்தாட்டம் பார்க்கிறான். அந்த இரைச்சல் என்னை நாங்கள் முன்பு இருந்த லொங்குய்ய் நகரத்துத் தொடர்மாடிக்கு இழுத்துப்போகிறது.

மேல்வீட்டு அகிம், மசிடோனியாவிலிருந்து வந்த அல்பேனியர். அவருடைய போன் வெட்டுப்பட்டிருந்தது. அதனால் ஞாயிறு காலைகளில் சூரியகாந்தி விதை கொறித்தபடி எங்கள் போனடியில் இருப்பார். அவருடைய ஊரில் அல்பேனியர்கள் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம் ஆடும்போது, அவருடைய தம்பி மைதானத்திலிருந்து எங்கள் போனுக்கு எடுத்து ஆட்டத்தைச் சொல்லுவான். கோல் விழுந்தால் சொல்ல மறந்து, கூட்டத்தோடு சேர்ந்து கத்துவான்.

அப்போது இன்னும் எங்களிடம் வந்து சேராத அம்மா, யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுக்கும் நேரமும் அதுதான்.

"அப்பா, அவரைப் போனை வைக்கச் சொல்லுங்கோ."

"பொறு, ஆர் அடிச்சதெண்டு கேட்டிட்டு வைப்பார்."

அம்மா லைன் கிடைக்காமல், காசு கொடுத்துப் பேசும் போன் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடந்தாராம்.

இப்போதும் எதிரே இருப்பவனின் போனைப் பறித்து வைக்கக் கை துடிக்கிறது. அம்மாவோ என் தோளில் சாய்ந்து நித்திரை.