காயில்காரரின் நாற்பத்து மூன்றாம் பக்கம்

என் அம்மாவின் தம்பியை எல்லோரும் காயில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். முப்பது வருடத்தில் மாமா கட்டிக் கொடுத்த மோட்டார் ஒன்றுகூடப் புகைந்து திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவர் சேர்த்த சொத்து.

அந்த வேலையை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, படம் வரைந்து, மின்நூலாக்கினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் எனக்கு எதையும் எழுத வராது. பட்டறைக்காரர்கள் போனில் படித்தார்கள். கையெல்லாம் வார்னிஷ், திரை நகரவில்லை. அச்சில் கொடுங்கள் என்று இருநூறு பட்டறைகளிலிருந்து கேட்டுவிட்டார்கள்.

போனில் எழுத்து இஷ்டத்துக்கு ஓடும். தாளில் அது நடக்காது. பக்கம் பிரித்து, தைக்கிற ஓரத்தில் வரிகள் புதைந்துவிடாமல் இடம் விட்டு, அடுத்த பக்கத்துக்குத் தாவிய படங்களை இழுத்து வந்து உட்கார வைக்க மூன்று வாரம் ஆனது. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, மெஷினை ஓட்டச் சொன்னேன். அச்சகம் நடத்தும் அம்மா மசியவில்லை. பதினாறு பக்கம் ஒரு பாரம். சோதனைத் தாளில் பாரத்துக்கு ஒரு கையெழுத்து நூலாசிரியர் போட்டாக வேண்டும் என்றார். பட்டதாரி நானே பார்த்துவிட்டேன் என்றேன். உங்களுக்குக் காயில் கட்டத் தெரியுமா என்று கேட்டார்.

சோதனைத் தாள்கள் வந்ததும் மாமா அவற்றைப் படிக்கவில்லை. ஒரு மோட்டாரை மேஜையில் வைத்து, வயரையே தொட்டறியாத அத்தையை அதன் முன் உட்கார வைத்தார். புத்தகத்தில் உள்ளபடி செய், என்னைக் கேட்காதே என்று சொல்லிவிட்டார்.

‘படத்தைத் தொட்டால் பெரிதாகும்’ என்றிருந்தது. அத்தை தொட்டார். இன்னொரு முறை அழுத்தித் தொட்டார்.

“எங்கடா பெருசாச்சு?”

அந்த வரியை எடுக்க மறந்திருந்தேன். மாமா அடக்க முடியாமல் சிரித்தார்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. அத்தையின் கையில் ஒரு சிவப்பு வயர், ஒரு பச்சை வயர். தாளில் இரண்டுமே ஒரே சாம்பல் கோடு.

“இதுல எதுடா சிவப்பு?”

ஓட்டுகிற காயிலுக்குச் சிவப்பு, கிளப்பிவிடுகிற காயிலுக்குப் பச்சை. மாற்றிக் கொடுத்தால் மோட்டார் கருகிவிடும். கறுப்பு வெள்ளைப் புத்தகத்தில், திரைக்கு வரைந்த வண்ணப் படத்தை அப்படியே வைத்திருந்தேன்.

“இருநூறு பட்டறை, மாப்ளே. அத்தனையும் என் பேர்ல புகையும்,” என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது.

அச்சகத்துக்குப் போன் போட்டேன். கையெழுத்து வராமல் ஒரு தாள்கூட ஓட்டவில்லை என்றார் அந்த அம்மா. மாமா போனைப் பிடுங்கி, நல்லா இருங்கம்மா என்று மூன்று தடவை சொன்னார்.

மாலைக்குள் பதினொரு படத்திலும் சிவப்பைத் தடித்த கோடாகவும் பச்சையைப் புள்ளிக்கோடாகவும் மாற்றி, பக்கத்திலேயே நிறத்தின் பெயரையும் எழுதினேன். மறுநாள் காலை அத்தை புதுத் தாளைப் பார்த்துப் பார்த்து வயர்களை முறுக்கினார். மாமா ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் சீராகச் சுற்றியது. அதன் முதுகில் கை வைத்துக் கால் மணி நேரம் நின்றார். சூடு ஏறவில்லை.

பேனா கேட்டு, வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்.

“வேலை செஞ்சது நான், கையெழுத்து உங்களுக்கா?” என்றார் அத்தை.

மாமா பேனாவை நீட்டினார். நாற்பத்து மூன்றாம் பக்கம் உள்ள மூன்றாவது பாரத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது.