மூன்று வெட்டு போட்ட ஊசி

சபையாருக்கு வந்தனம். எனக்கு நின்று பேச வராது. அதனால் எழுதி வந்திருக்கிறேன்.

அறுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில் என் மகள் எஸ்தர் சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் தீயில் இறந்துபோனாள். பதினெட்டு வயது. எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

எனக்கு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தைக்கிற வேலை. அங்கே ஆளுக்கொரு கோணி ஊசி. மாறிப்போகாமல் இருக்க அரத்தால் அடையாளம் போட்டுக்கொள்வோம். என்னுடையது மூன்று வெட்டு.

எஸ்தருக்கு வெடியில் திரி சொருக ஓட்டை குத்துகிற வேலை. அதற்குப் பித்தளை ஊசிதான்; இரும்பு உரசினால் பொறி பறக்கும். தீபாவளி சீசன். தீப்பிடித்ததற்கு முந்தின நாள் அவள் ஊசி ஒடிந்துவிட்டது. அந்த வாரத்தில் அது இரண்டாவது.

“போர்மன்கிட்ட கேட்டா வைவாக அய்யா,” என்றாள்.

“இந்தா, என் ஊசியக் கொண்டு போ. ஒரு நாள்தானே.”

“இரும்பு ஆகாதும்பாகளே.”

“ஏட்டி, வத்தல் மூட்டை தைக்கிற ஊசி என்னத்தச் செய்யப்போவுது? மெதுவாக் குத்து.”

“அப்ப வெடியெல்லாம் காரமா வெடிக்கும்,” என்று சிரித்தாள். முந்தியில் செருகிக்கொண்டாள்.

என் மனைவி ஞானம் அப்போது தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை வெடித்தது. மற்ற பெண்கள் வெளியே இருந்தார்கள். எஸ்தர் மட்டும் உள்ளே. கால் கொலுசை வைத்துத்தான் நாங்கள் அடையாளம் சொன்னோம்.

சாம்பலில் போலீஸ் ஊசியைக் கண்டெடுத்தது. இன்ஸ்பெக்டர் கேட்டார், “வீட்டில இருந்து ஊசி ஏதும் கொண்டு போச்சா?”

“இல்லைங்க,” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு சொல்லில் போர்மன் சங்கரலிங்கம் கைதானார். இரும்பு ஊசி கொடுத்து, கவனக்குறைவால் சாவுக்குக் காரணமானார் என்று குற்றப்பத்திரிகை. பத்து நாள் கழித்து ஜாமீனில் வந்தார். சாத்தூர் கோர்ட்டில் வழக்கு. நான் அரசுத் தரப்புச் சாட்சி.

வாய்தா மேல் வாய்தா. ஒரு தடவை வக்கீல் வரவில்லை. ஒரு தடவை மாஜிஸ்திரேட் லீவு. ஒவ்வொரு தடவையும் சங்கரலிங்கம் வராந்தாவில் என்னைப் பார்த்து எழுந்து நிற்பார்.

“சாப்பிட்டீகளா அண்ணாச்சி?” என்பார்.

நான் நகர்ந்து போய்விடுவேன். ஞானம் ஒருநாள் அவரைக் கேட்டுவிட்டாள். “ஏன் குடுத்தீக, அந்த ஊசிய?”

“நான் குடுக்கலே தாயி. யாரு குடுத்தாகன்னு அந்தப் புள்ளைக்குத்தான் தெரியும்.”

ஆனாலும் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவரே, என் பேர் வெளியே வரக் கூடாது. ஐந்து மாதம் இதைத்தான் கேட்டேன். அவர் வாயே திறக்கவில்லை.

மாசி மாதம் என்னைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். ஏறுவதற்கு முன் சுவரோரம் நின்றேன். பழைய ஜெபம் வரவில்லை. “ஆண்டவரே, என்னால முடியலே. நீர் பேசும்,” என்று மட்டும் வந்தது.

உண்மையே சொல்வதாகச் சத்தியம் வாங்கினார்கள். அரசு வக்கீல் ஊசியைக் காட்டினார். கறுத்திருந்தது. மூன்று வெட்டும் அப்படியே இருந்தன.

“இந்த ஊசியை முன்னால் பார்த்திருக்கிறீரா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இது என் ஊசி. நான்தான் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.”

போலீசில் வேறு சொன்னீரே என்று வக்கீல் அதட்டினார். பொய் சொன்னேன் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் வெட்டுகளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு. சங்கரலிங்கத்துக்கு விடுதலை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நானும் அன்னைக்கு ஊசியப் பாத்து உள்ள விட்டிருக்கணும் அண்ணாச்சி,” என்றார். என்னை ஒரு வார்த்தை வையவில்லை.

நான் சாட்சி சொன்ன நாளிலிருந்து ஞானம் என்னோடு பேசவில்லை. தீர்ப்பன்று ஊர் திரும்பும் திருத்தங்கல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதி வழியில் சொன்னாள்.

“எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல.”



மூட்டை தைக்கிற வேலையை விட்டுவிட்டேன். இப்போது சீசன் நாட்களில் நம் சபைப் பெண்கள் வெடிக் கம்பெனிக்குப் பஸ் ஏறும் இடத்தில் நிற்கிறேன். முந்தியை உதறிக் காட்டச் சொல்வேன். பைத்தியம் என்கிறார்கள். காட்டிவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

என் மகள் திரும்பி வரவில்லை. அதற்காக நான் ஜெபிக்கவும் இல்லை. ஒளிக்கக் கேட்டேன், ஆண்டவர் கொடுக்கவில்லை. பேசக் கேட்டேன், கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒன்று உள்ளே கிடந்தால், அவரிடம் கேளுங்கள். கூண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கிறவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.