செல்லில் வந்த தாய்மாமன்

என் மச்சானும் நானும் பேசுவதில்லை. என் மகள் கல்யாணத்துக்கு முன்னாலும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. நடுவில் அந்தக் கல்யாணத்தன்று பேசினேன். பேசினேன் என்றால் ரெண்டு வார்த்தை.

நான் சிதம்பரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பெரிய படிப்பு கிடையாது. மச்சான் என் மனைவிக்குத் தம்பி. சேத்தியாத்தோப்பில் நெல் வாங்கி விற்கிறான். என்னைவிட வயதில் சின்னவன். அவன் வாசலில் கார் வந்து நின்ற நாளிலிருந்து என்னை மாமா என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவான்.

அவன் மகள் கல்யாணம் ஏசி மண்டபத்தில் நடந்தது. ரோடு நெடுக பேனர். சேர், அண்டா, கேஸ் அடுப்பு எல்லாம் என் வண்டியில்தான் போய் இறங்கியது. இறக்கி முடித்துக் கை கால் கழுவி முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டு இனிப்பு வைத்துவிட்டார்கள். மச்சான் பின்னால் வந்து தோளைத் தொட்டான்.

"மாமா, கட்சிக்காரங்க வந்துட்டாங்க. நீ நம்ம வூட்டு ஆளுதான, அடுத்த பந்தியில உக்காந்துக்க."

எழுந்தேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பந்தி வரைக்கும் நான் அங்கே இல்லை. வரும் வழியில் புவனகிரியில் பரோட்டா தின்றுவிட்டு வீடு வந்தேன்.

அதிலிருந்து பேச்சு இல்லை.

மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது அண்ணாகிராமம் பக்கம். ஏசி மெக்கானிக். அடக்கமான குடும்பம். எங்கே செய்யலாம் என்று பேச்சு வந்தபோது மகள் சொன்னாள்.

"மண்டபம் வேணாம்பா. பேனர் வேணாம். திருவந்திபுரத்துல தாலி கட்டிக்கிறோம். நமக்கு வேணும்கறவங்க மட்டும் வரட்டும். எல்லாரும் ஒரே பந்தியில சாப்புடணும். யாரையும் எழுப்பக்கூடாது."

கடலூருக்குப் பக்கத்தில்தான் திருவந்திபுரம். முகூர்த்த நாளில் அந்தக் கோயிலில் ஜோடி ஜோடியாக நிற்பார்கள். ஒரு ஜோடி இறங்கினால் அடுத்த ஜோடி ஏறும். செலவு கம்மி. மாப்பிள்ளை வீட்டிலும் சரி என்றார்கள்.

மச்சானுக்கு விஷயம் போனது. என் மனைவிக்குப் போன் போட்டான். அவள் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏன்க்கா, வரிசையில நின்னு கட்டிக்கிறதுக்கு அது தாலியா, ரேஷன் அரிசியா?"

"பொண்ணு ஆசப்படுதுடா."

"பொண்ணு ஆசப்படல. அந்தாளு கஞ்சத்தனம் படுறாரு. மண்டபம் நான் புடிக்கிறேன். என் மருவாதிக்குன்னு நாலு பேர நான் கூப்புடணும்."

"நீ வந்து பட்டம் கட்டு. அது போதும்."

எங்கள் வழக்கத்தில் தாலிக்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டணும். தகட்டில் செய்த சின்னப் பட்டம். கட்டுவது ஒரு முடிச்சு. அதற்கு அவன்தான் வரணும்.

பத்திரிகை அடிக்கவில்லை. மகள் செல்லிலேயே ஒன்று செய்தாள். அவளும் மாப்பிள்ளையும் நிற்கிற போட்டோ, நாள், இடம். அதையே எல்லாருக்கும் அனுப்பினோம்.

மனைவி சொன்னாள், "எந்தம்பி வூட்டுக்கு மட்டும் தட்டு வச்சு நேர்ல போயி அழைச்சிட்டு வந்துடலாம். தாய்மாமன செல்லுல கூப்புடக்கூடாது."

"போனா எல்லா வூட்டுக்கும் போவணும். இல்லன்னா யாரு வூட்டுக்கும் வேணாம்."

"அவன் வரமாட்டான்."

"வரவேணாம்."

அவனுக்கும் அந்தச் செல் பத்திரிகையே போனது. மச்சானிடமிருந்து பதில் வந்தது. பேசி அனுப்பியிருந்தான். அடுப்படியில் நின்று அவள் அதைப் போட்டுக் காட்டினாள்.

"செல்லுல கூப்புட்டீங்க இல்ல? செல்லுலயே வர்றேன். முன்னாடி ஒரு சேரு போட்டு வையுங்க."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எம்பொண்ணு நெத்தியில எந்தம்பி கை படணும். அவ்ளோதான். இந்த வூட்டுக்கு வந்து நான் வேற எதுனா கேட்டனா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை.

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். மகள், மனைவி, சாமான் என் வண்டியில். திருவந்திபுரத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. கிடைத்த சந்தில் நிறுத்திவிட்டுப் படியேறி மேலே போனோம். நிறையப் பெண்கள் மாலையோடு நின்றார்கள். எந்த மேளம் யாருக்கு அடிக்கிறது என்று தெரியவில்லை.

மனைவி நிஜமாகவே ஒரு பிளாஸ்டிக் சேரை முன்னால் போட்டாள். அதில் சொம்பை வைத்து, சொம்பில் செல்லைச் சாய்த்து வைத்தாள். மச்சான் வீடியோவில் வந்தான். பட்டுச் சட்டை. மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது.

சம்பந்தி குனிந்து பார்த்தார். "யாருங்க இது?"

"பொண்ணுக்குத் தாய்மாமன்," என்றேன்.

"வெளிநாட்டுலயா இருக்காரு?"

"சேத்தியாத்தோப்புல."

அவர் நிமிர்ந்து துண்டைச் சரி செய்துகொண்டார்.

எங்கள் முறை வந்தது. ஐயர் அவசரத்தில் இருந்தார். "தாய்மாமன் வாங்கோ, பட்டம் கட்டணும்."

மனைவி சேரைக் காட்டினாள். ஐயர் செல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அது பாக்கத்தாம்மா பாக்கும். கட்டாது. முறைக்கு வேற யாரானும் இருந்தா கூப்பிடுங்கோ. அடுத்த ஜோடி நிக்கறது."

"வேற யாரும் கட்டவேணாம்," என்றாள் மனைவி. மகள் தலை குனிந்து நின்றாள். நெற்றி வெறுமனே இருந்தது.

செல்லிலிருந்து குரல் வந்தது. "நடத்துங்க, நடத்துங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அப்போது கீழே மைக்கில் சொன்னார்கள். வெள்ளை லோடு ஆட்டோ ஒன்று வழியை மறித்து நிற்கிறது, டிரைவர் உடனே வந்து எடுக்கவும். என் வண்டிதான். அதே குரல், அதே வார்த்தை, கொஞ்சம் பிந்திச் செல்லுக்குள்ளேயும் கேட்டது.

மனைவிக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் இறங்கிப் போனேன்.

என் வண்டிக்கு எதிரே டீக்கடை. அங்கே மச்சான் நின்றிருந்தான். பட்டு வேட்டி, முகத்துக்கு நேரே செல். முழங்கையில் மாலைக் கவர் தொங்கியது. சட்டைப் பையில் பட்டத்தின் விளிம்பு மினுங்கியது. என்னைப் பார்த்தும் செல்லை இறக்கவில்லை.

"வண்டிய எடு மாமா. எல்லாரும் திட்டுறாங்க."

வண்டியை எடுத்து ஓரம் கட்டினேன். இறங்கினேன். அவன் நகரவில்லை. என் கையைப் பார்த்தான்.

"என்னா மாமா, வெறுங்கையோட நிக்கிற?"

அடிக்க வேண்டும் போல இருந்தது. பந்தியில் விட்டு வந்த இலை ஞாபகம் வந்தது. மனைவி அடுப்படியில் கேட்டதும் ஞாபகம் வந்தது. பக்கத்துக் கடையில் அர்ச்சனைத் தட்டு ஒன்று வாங்கினேன். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. அதை அவன் முன்னால் நீட்டினேன்.

வாங்கவில்லை. "வாயத் தொறந்து கூப்புட மாட்டியா?"

"வா."

"நான் என்னா உன் வண்டிக்கு மூட்ட ஏத்த வந்தவனா?"

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேலே அடுத்த ஜோடி காத்துக்கொண்டிருந்தது.

"வாங்க," என்றேன்.

தட்டை வாங்கிக்கொண்டான். செல்லைச் சட்டைப் பைக்குள் போட்டான். எனக்கு முன்னால் நடந்தான்.

பட்டம் கட்டினான். ஐயர் அவசரப்படுத்தியும் நிதானமாகக் கட்டினான். கோணலாக இருக்கிறது என்று அவிழ்த்து மறுபடி கட்டினான். என் மனைவி அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாலி ஏறியது. மகள் அவன் காலில் விழுந்தாள். "மாமா, சாப்புட்டுட்டுப் போங்க," என்றாள்.

"எனக்கு வேல இருக்குமா." போய்விட்டான். என் பக்கம் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது போதும்.

கீழே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு சொல்லியிருந்தோம். எல்லாரும் ஒரே பந்தி. யாரையும் எழுப்பவில்லை. என் மனைவி எனக்குப் பக்கத்தில் ஒரு இலையைப் போட்டு, அதிலும் பரிமாறச் சொன்னாள். தம்பி வந்தாலும் வருவான் என்றாள்.

போட்டோ எடுக்கச் செல்லை எடுத்தவள் அப்படியே நின்றாள். மச்சானின் வீடியோ லைன் இன்னும் கட் ஆகவில்லை. படம் இருட்டாக இருந்தது, அவன் சட்டைப் பை. குரல் மட்டும் வந்தது. ஓட்டல் சத்தம். யாரோ தெரிந்தவர் அவனிடம் கேட்டார்.

"என்னா, பட்டுல இருக்க?"

"அக்கா பொண்ணு கல்யாணம்பா."

"கல்யாணத்த வுட்டுட்டு இங்க மீல்ஸ் துன்ற?"

"செம கூட்டம். மண்டபமே தாங்கல. பந்தியில உக்கார எடம் கெடைக்கல."

மனைவி கட் செய்தாள். செல்லைப் பைக்குள் வைத்தாள். என் இலைக்குக் கொஞ்சம் ரசம் கேட்டாள்.

நான் பக்கத்து இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் போட்டுக்கொண்டேன்.