மூன்றாவது ரிங்

மகள் ஏலகிரி கோடை முகாமில் இருக்கிறாள். அங்கே பிள்ளைகளின் செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முகாம் அலுவலகத்திலிருந்து ஒரு முறை பேசலாம். அந்த எண்ணுக்கென்றே பழைய டெலிபோன் சத்தத்தை வைத்திருந்தேன். இன்று அது அலறியதும், மந்தைவெளியில் இடித்து அடுக்குமாடியாக்கிவிட்ட எங்கள் ஏழு குடித்தன ஸ்டோர் வீடு அப்படியே எழுந்து வந்துவிட்டது.

அங்கே எல்லோருக்கும் சேர்த்து வீட்டுக்காரர் கூடத்தில் ஒரே போன். அக்கா சாரணர் முகாம் போன பத்து நாளும் ஆறு மணிக்குக் குழாயை மூடி, குக்கரை இறக்கி, ஈரக்கையோடு போனைச் சுற்றி நிற்போம். இரண்டு ரிங்கோடு நின்றால் அவள் சௌக்கியம். மூன்றாவது அடித்தால் ஏதோ பிரச்சினை, எடுக்க வேண்டும். போன் காசை மிச்சம் பிடிக்க அப்பாவின் ஏற்பாடு அது. "யாரும் எடுத்துடாதீங்கோ!" என்று வீட்டுக்கார மாமி கையை விரித்துக் காவல் நிற்பாள். இரண்டோடு நின்றதும் ஸ்டோரே கைதட்டும். நான் மட்டும் மூன்றாவதற்கு ரகசியமாக வேண்டிக்கொள்வேன். எனக்கு அக்கா குரலைக் கேட்க வேண்டும். அந்த மூன்றாவது ரிங் வரவேயில்லை.

இன்று இரண்டு ரிங் முடியும்வரை கை தானாக நின்றது. மூன்றாவதில் பாய்ந்து எடுத்தேன்.

"அம்மா! போன எடுக்க இவ்ளோ நேரமா?"

எவ்வளவு நேரமென்று அவளுக்கு எப்படித் தெரியும்!