பெட்டியின் மேல் ஒரு நிமிஷம்

மாஸ்கோவில் நான் மருத்துவம் படித்தபோது எங்கள் விடுதி வாசலில் ஒரு காவல்கார அம்மா இருந்தார். பருத்த உடம்பு, தலையைச் சுற்றிக் கம்பளித் துண்டு, காது உடைந்த மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியிருப்பார். ஊருக்குப் புறப்படும் யாரையும் அவர் லேசில் விடமாட்டார். பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, அதன்மேல் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார வைத்த பிறகுதான் கதவைத் திறப்பார். பயணம் போகிறவர்களுக்கு ருஷ்ய நாட்டு வழக்கம் அது.

என் அறைத் தோழன் சீர்காழிப் பக்கத்து மிராசுதார் மகன். என் அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயக் கூலி. கூலி உயர்வு கேட்டு ஜெயிலுக்குப் போனவர். அவருடைய சங்கம்தான் என்னைப் படிக்க அனுப்பியது. தோழன் எனக்கு முன்பே படிப்பை முடித்துக் கிளம்பினான். அவன் பெட்டிமேல் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம்.

"ஊருக்கு வந்தா எங்க வீட்டுக்கு வருவியாடா?" என்றான்.

"வருவேன். ஆனா உங்கப்பா முன்னாடி கைகட்டி நிக்க மாட்டேன்."

பேசிவிட்டோம் என்று அந்த அம்மா ருஷ்ய மொழியில் அதட்டினார். மறுபடி முதலிலிருந்து உட்கார வைத்தார்.

அடுத்த வருஷம் ஊர் திரும்பும் வழியிலேயே பெட்டியோடு சீர்காழிக்குப் போனேன். மிராசுதார் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"யாரு வீட்டுப் புள்ள?" என்றார்.

அப்பா யாரென்று சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. தோழன் நாற்காலி எடுக்க உள்ளே ஓடினான். அவன் வருவதற்குள் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்த அம்மா இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பார்.