கயிற்றை அவள் விடவில்லை

முருகவேல் பொய் சொல்கிறான்.

மெக்சிகோ காட்டில் எங்களைக் கொள்ளைக்காரர்கள் யாரும் மறிக்கவில்லை. துப்பாக்கி இல்லை. கத்திகூட இல்லை. ரோட்டின் குறுக்கே ஒரு கயிறு இருந்தது. அதன் ஒரு முனையை ஒரு பெண் பிடித்திருந்தாள். அந்தக் கயிற்றின் மேல் வண்டியை விட்டவன் நான்.

நான்கு வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் சொன்ன பொய்க்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கைதட்டினீர்கள், வாங்கிக்கொண்டேன்.

நம் வகுப்பின் வெள்ளிவிழா சந்திப்புக்கு மலர் போடுகிறோம், பயணக் கட்டுரை எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். 'மாயன் கோயிலும் அருவியும்' என்று தலைப்பையும் நீங்களே வைத்துவிட்டீர்கள். மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் கயிற்றுக்கு முன்பு பேனா நின்றுவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன். போடுவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

நானும் அவனும் அங்கே ஊர் சுற்றப் போகவில்லை. நம் ஊர்ச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டும் வேலை எங்களுக்கு. இரண்டு பேரும் கான்ட்ராக்ட். மெக்சிகோவின் தெற்கே ஒரு சிமென்ட் ஆலையில் பெல்ட் மாட்ட ஒரு தனியார் கம்பெனி எங்களை மூன்று மாதத்துக்கு அனுப்பியது. நடுவில் மூன்று நாள் லீவு கிடைத்தது. முருகவேல் வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார் பிடித்தான். ஸ்டியரிங் இடது பக்கம், போவது வலது பக்கம். அவனுக்கு அது பயம். நான்தான் ஓட்டினேன்.

முதல் நாள் பலென்கே. காட்டுக்கு நடுவில் மாயன் மக்கள் கட்டிய கோயில்களும் அரண்மனையும். படி ஏறி முடிப்பதற்குள் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிட்டது. நம்ம ஊர் வெயில்தான், ஆனால் பச்சை வெயில். மரத்து மேலே குரங்குகள் லாரி ஏற்றத்தில் திணறுகிற மாதிரி உறுமின. அரண்மனை முற்றத்தில் பெரிய பெரிய பலகைக் கற்கள். அவற்றில் போரில் பிடிபட்டவர்களைச் செதுக்கியிருந்தார்கள். மண்டியிட்ட மனிதர்கள். ஒருவன் ஒரு கையைத் தோளில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்க்கிறான்.

முருகவேல் அந்தக் கல் மனிதன் பக்கத்தில் அதே மாதிரி மண்டியிட்டுக் கையைத் தோளில் வைத்தான். நான் போட்டோ எடுத்தேன். நம் வகுப்பின் கைப்பேசி குரூப்பில் இன்றைக்கும் அவன் முகப்புப் படம் அதுதான். நான் எடுத்த படம்.

மறுநாள் அருவி. ஹோட்டல்காரர் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். 'வழியில் கயிறு கட்டியிருப்பார்கள். நில்லுங்கள். ஏதாவது வாங்குங்கள். போய்விடுங்கள்.'

முருகவேல் சிரித்தான். "கயிறா? எங்க ஊர்ல ஆடி மாசம் பூரா கயிறுதான்னு சொல்லுடா இவருகிட்ட."

உங்களுக்குத் தெரியும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற வசூல். எங்கள் ஊர் வடக்குத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று கயிற்றைப் பிடிப்போம். வண்டி நின்றால் உண்டியலை நீட்டுவோம். நிற்காமல் வேகமாக வந்தால் கயிற்றைக் கீழே விட்டுவிடுவோம், வண்டி அதன் மேல் ஏறிப் போய்விடும். பின்னாலிருந்து நாலு கெட்ட வார்த்தை... அவ்வளவுதான். முருகவேல் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பையன். அப்பாவின் ஸ்கூட்டர் பின்சீட்டிலிருந்து கயிற்றைப் பார்த்தவன். நான் அதைப் பிடித்து வளர்ந்தவன். விரலால்தான் பிடிக்க வேண்டும், கையில் சுற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

போகும்போது மூன்று கயிறு. மூன்றிலும் நின்றோம். ஒரு இடத்தில் வாழைப்பழம், ஒரு இடத்தில் வறுத்த வாழைக்காய். யாரும் மிரட்டவில்லை. அவர்கள் ஊர் வழியாகத்தான் அந்த ரோடு போகிறது. அருவி பார்க்கப் போகிறவன் நின்று ஒரு பழம் வாங்கட்டும் என்கிறார்கள். அதில் என்ன தப்பு?

அருவி நீலமாக இருந்தது. படிப்படியாக இறங்கும் நீலம். இரண்டு மணி நேரம் தண்ணீருக்குள் கிடந்தோம். கரைக்கு வந்தபோது நேரமாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரோட்டில் அடிக்கொரு வேகத்தடை, வளைவுக்கு மேல் வளைவு. எனக்கு எரிச்சல்.

ஒரு இறக்கத்தில் அந்தக் கயிறு. நடுவில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கிழிசல்கள் கட்டியிருந்தன. ஒரு முனை மரத்தில். மறுமுனையில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடை நிறைய உரித்த ஆரஞ்சுப் பழம்.

"மறுபடியுமா? மிதிடா சேகரு. விட்டுடுவாங்க."

"நிக்கிறேன்டா."

"நம்ம ஊரு கயிறுல எவனாச்சும் நின்னுருக்கானா? மிதி."

மிதித்தேன்.

அவள் விடவில்லை. விட முடியவில்லை! வியாபாரத்துக்கு வலது கை வேண்டும். அதனால் கயிற்றை இடது உள்ளங்கையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தாள். அங்கே யாரும் ஏறிப் போவதில்லை. எல்லோரும் நிற்கிறார்கள். விட வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை. இதெல்லாம் பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டது.

அப்போது தெரிந்தது ஒன்றுதான். கயிறு இறங்கவில்லை. பிரேக் போட ஒரு விநாடி இருந்தது. முருகவேல் மிதி என்றதால் மிதித்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த விநாடியில் அவன் எதுவும் சொல்லவில்லை. அந்த விநாடி என்னுடையது. கால் எடுக்கவில்லை. ஏன்? தெரியவில்லை... நின்றால் அவனிடம் பயந்தாங்கொள்ளி ஆவேன் என்றா? கயிறு பிடித்தவன் ஒரு நாளாவது கயிற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்றா?

முன்பக்கத்தில் ஒரு இழுப்பு. பிறகு மரத்துப் பக்கம் பட்டென்று அறுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். முக்காலி கவிழ்ந்து கிடந்தது. பழங்கள் ரோட்டில் உருண்டன. அவள் மண்டியிட்டிருந்தாள். ஒரு கையை மறு கையால் மார்போடு பிடித்திருந்தாள். வளைவு வந்துவிட்டது.

முருகவேல் உடம்பையே திருப்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். நான் கண்ணாடியில் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தான்.

"என்னடா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. போ."

போனேன். நாற்பது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினேன். ஒரு பெட்ரோல் பங்க்கில் இறங்கியபோது நம்பர் பிளேட்டில் ஆரஞ்சுப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பம்பரில் கீறல் இருந்தது. மரக்கிளை என்று கார்க்காரரிடம் முருகவேல் சொன்னான். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கே குரூப்பில் அவன் எழுதினான். 'காட்டில் கொள்ளைக்காரர்கள் வழிமறித்தார்கள். கையில் துப்பாக்கி. சேகர் மட்டும் இல்லையென்றால் நான் உயிரோடு இல்லை.' அறுபது பேர் கைதட்டினீர்கள். நான் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அதுதான் என் கையெழுத்து.

ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பொய் விடவில்லை. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் நம் வகுப்பு ராஜா, டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவன்தாம்பா மெக்சிகோ வீரன்" என்றான். எனக்கும் டீ வந்தது. குடித்தேன்.

ஒரே ஒரு ஆள்தான் சரியான கேள்வி கேட்டது. என் அக்கா. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். ஓட்டிலிருந்து வடியும் முந்திரிப் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"துப்பாக்கி வச்சிகினு இருக்கறவன் எதுக்குடா கயிறு கட்டறான்?"

அவளிடம் கயிறு என்று வாய் தவறிச் சொல்லியிருந்தேன்.

"அது... சும்மா மறிக்க."

"சரி, கயிறு புடிச்சிகினு இருந்தவங்களுக்கு என்ன ஆச்சி?"

"விட்டுட்டாங்கக்கா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சோறு போட எழுந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முருகவேலிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். போன் செய்து கேட்டேன். ஷிப்ட் முடிந்து வரும்போது சுரங்கத்தின் கேட்டில் நின்று கேட்டேன். நீ திரும்பிப் பார்த்தாயே, அவள் எழுந்தாளா?

"இன்னுமா அதையே புடிச்சிகினு இருக்க?" என்கிறான். "எழுந்துருப்பா, வுடு." இன்னொரு நாள், "நான் சரியா பாக்கல." இன்னொரு நாள், "எந்தப் பொம்பள?"

மூன்று பதில். எது நிஜம்?

அந்தக் கை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரின் பெயர் தெரியாது. அவள் பெயர் தெரியாது. வரைபடத்தில் அந்த ரோட்டை எத்தனை முறை விரலால் நகர்த்தியிருப்பேன்... இறக்கம் எது, வளைவு எது என்று தெரியவில்லை. பெல்ட் ஒட்டும்போது கையுறையைக் கழற்றினால் என் இடது உள்ளங்கையைப் பார்த்துக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆள் இல்லை. உங்களிடம் கேட்கவும் இல்லை. நீங்கள் மன்னிக்கிற விஷயம் இல்லை இது. வண்டியை விட்டவன் நான். அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் சந்திப்பு நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு இருபது நிமிடம், 'கொள்ளையர்களிடமிருந்து தப்பிய கதை', படங்களுடன், முருகவேல்.

முருகவேல், நானும் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அந்த மண்டியிட்ட படத்தைத் திரையில் போடுவதற்கு முன்பு இதற்குப் பதில் சொல். போனில் வேண்டாம். கேட்டில் வேண்டாம். எல்லோர் முன்னாலும், மைக்கில் சொல்.

நீ திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் எழுந்தாளா, இல்லையா?