தேவிகுளத்துக்குப் போன ஸ்பானிஷ் வகுப்பு

மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஆன்லைனில் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. வணக்கம் சொல்வது, பேர் சொல்வது, மனசு எப்படி இருக்கிறது என்று சொல்வது, அவ்வளவுதான் ஆரம்பப் பாடம். மாணவிகளில் ஒருத்தி அனிதா, எட்டு வயது, தேவிகுளம் பக்கம் தேயிலை எஸ்டேட். அங்கே இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஸ்பானிஷ் என்று எனக்கு ஒரே குடைச்சல். போன பிப்ரவரியில் அவளே, "டீச்சர், சனிக்கிழமை நீங்க என் பக்கத்துல இருக்கணும்" என்றாள். பையைத் தூக்கிவிட்டேன்.

காலை ஆறு மணி பஸ்ஸில் போடி, அங்கிருந்து மூணாறு பஸ். போடிமெட்டு வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை நம்பாதீர்கள். நான் நம்பி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மானம் போனதுதான் மிச்சம். தேவிகுளத்தில் இறங்கியபோது மதியம் ஒன்று. எஸ்டேட்டுக்கு ஜீப், நானூறு ரூபாய்.

"அனிதா வீட்டுக்கா? அவுக அம்மா செல்வி ஸ்பெயின்ல ஒரு வீட்ல வேலை பாக்காக. ரெண்டு வருசமா லீவுக்கே வரல" என்றார் ஜீப்காரர். ஓ, அதுதானா!

ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் கடைசி வீடு. ஃபேக்டரி வேலை முடிந்து வந்த அப்பா முருகேசன் கட்டன் சாயா கொடுத்தார். அனிதா விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா வேலை பாக்குற வீட்டு மேடத்துக்கிட்ட நானே கேக்கணும் டீச்சர். பெரிய லீவுக்கு அம்மாவை அனுப்புங்கன்னு."

"அம்மாவையே கேக்கச் சொல்லேன்?"

"நல்லா இருக்கோம்னுதான தினமும் சொல்லுதோம். பெறகு அம்மா எதுக்கு லீவு கேக்கும்?"

முருகேசன் குறுக்கே வந்தார். "அங்க ஒத்தையில கெடக்கிறவ. இங்க நாம அழுதா அவளுக்குச் சோறு எறங்குமா?" அனிதா காய்ச்சலில் படுத்திருந்த வாரமும் போனில் "நல்லா இருக்கோம்" தானாம். நம்மில் எந்த வீட்டில்தான் இந்தச் சட்டம் இல்லை!

லீவு கேட்கிற அளவுக்கு அவளுக்கு ஸ்பானிஷ் வராது. "படிச்சதை மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் கேக்குறேன்" என்றேன்.

ஐந்து மணிக்கு, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று வீடியோ அழைப்பு. திரையில் செல்வி, பக்கத்தில் அந்த வீட்டு அம்மாள்.

"ஓலா. மே யாமோ அனிதா." வணக்கமும் பேரும் பிசகாமல் வந்தன.

அந்த அம்மாள் சிரித்து, "கோமோ எஸ்தாஸ்?" என்றார். எப்படி இருக்கிறாய்?

"பியென்னு சொல்லு பாப்பா" என்று பின்னாலிருந்து முருகேசன் கிசுகிசுத்தார். வகுப்பை ஒட்டுக்கேட்டு அவர் கற்றுக்கொண்ட ஒரே சொல்: நல்லா இருக்கேன்.

அனிதா என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, "எஸ்தோய் த்ரிஸ்தே" என்றாள். நான் வருத்தமாக இருக்கிறேன்.

அந்த அம்மாளின் சிரிப்பு நின்றது. செல்விக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தமிழில் ஒரு நாளும் கேட்காததை மகள் வாயால் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அங்கே இருவரும் ஏதோ பேசினார்கள். நான் லீவு கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஏப்ரல்ல வாரேன்டி. போயிட்டு வான்னுட்டாக" என்றாள் செல்வி.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் கட்டாயம். ஜீப் வாடகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். பிள்ளைகளுக்கு மொழி கற்பிப்பவர் என்றால், "பியென்" சொல்லித்தரும் அன்றே "த்ரிஸ்தே"வையும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

மறுநாள் காலை ஜீப்பில் ஏறினேன். முருகேசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், பாப்பா நேத்துச் சொன்னாளே ஒரு சொல்லு. அதை எனக்கும் ஒருக்காச் சொல்லிக்கொடுங்க."